எஸ்.எஸ்.டி.ஐ மறுத்துவிட்டார்கள்: அப்பீலுக்கு வக்கீல் எப்போது, எங்கே, எவ்வளவு?

பொருநை

அத்தானுக்காகக் கேட்கிறேன். வயது 52, நியூ ஜெர்சி, கிரீன் கார்டு. ஊரில் பத்தாவது வரை படிப்பு. பல வருடம் வேர்ஹவுஸில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. இடுப்பு டிஸ்க் நழுவி ஆபரேஷன் ஆனபிறகு வேலையை விட்டுவிட்டார். கால் மரத்துப்போகிறது, மனச்சோர்வுக்கும் மாத்திரை ஓடுகிறது. உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அமெரிக்க அரசின் சோஷியல் செக்யூரிட்டி தரும் மாதத் தொகையான எஸ்.எஸ்.டி.ஐ கேட்டதற்கு, "பழைய வேலையைச் செய்ய முடியாது, ஆனால் அதைவிட லேசான வேலை செய்யலாம்" என்று மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. புதிதாக விண்ணப்பம் போடச் சொல்கிறார்கள் சிலர். வக்கீல் வைக்கச் சொல்கிறார்கள் சிலர். வக்கீல் இப்போதே வேண்டுமா, நீதிபதி விசாரணை வரும்போது வைத்தால் போதுமா? கையில் பணம் இல்லை. அத்தானுக்கு ஆங்கிலமும் ஓரளவுதான்.

கரிசல்

எல்லாவற்றுக்கும் முன்னால் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். கடிதம் கைக்குக் கிடைத்ததிலிருந்து 60 நாள் கெடு. தேதியிட்டு 5 நாளில் தபால் வந்துவிட்டதாக சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் (எஸ்.எஸ்.ஏ) எடுத்துக்கொள்ளும். ஆக, கடிதத் தேதியிலிருந்து 65 நாள். அதற்குள் மறுபரிசீலனைக் கோரிக்கை, அதாவது அப்பீலின் முதல் படி, போய்ச் சேர வேண்டும். வக்கீல் கிடைக்கட்டும் என்று இதைத் தள்ளிப்போடவே கூடாது. அப்பீலை நீங்களே போட்டுவிட்டு, வக்கீலை அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம். அதில் எந்தத் தடையும் இல்லை.

எஸ்.எஸ்.ஏ தளத்தில் ஆன்லைனிலேயே போடலாம். மூன்று தாள்கள்: கோரிக்கைக்கு எஸ்எஸ்ஏ-561, உடல்நிலை விவரத்துக்கு எஸ்எஸ்ஏ-3441, மருத்துவப் பதிவுகளை அவர்கள் வாங்கிக்கொள்ள அனுமதி தரும் எஸ்எஸ்ஏ-827. 3441-ல்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு என்ன மாறியது" என்ற கேள்விக்கு "மாற்றம் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். புதிதாகப் பார்த்த டாக்டர், புது எம்.ஆர்.ஐ, கூட்டிய மருந்து, முன்பு கால் மணி நேரம் நின்றவர் இப்போது ஐந்து நிமிடம்தான் நிற்கிறார் என்பது, எல்லாம் அங்கே வர வேண்டும். அனுப்பியதும் வரும் ஒப்புகைப் பக்கத்தை அச்சிட்டு வையுங்கள். கெடுவைத் தாண்டியதாக நாளை யாராவது சொன்னால் அந்த ஒரு தாள்தான் பதில் பேசும்.

புது விண்ணப்பம் போடச் சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் நஷ்டம். முதல் விண்ணப்பத் தேதி போய்விடும். எஸ்.எஸ்.டி.ஐ-யில் விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 12 மாதம் வரைதான் நிலுவை (கடந்த மாதங்களுக்குச் சேர்த்து வரும் தொகை) கிடைக்கும், எனவே தேதி பின்னால் தள்ளினால் அத்தனை மாதப் பணமும் போகும். அப்பீல் செய்யாமல் விட்ட மறுப்பு இறுதியாகி, பிறகு அந்தக் காலத்தைப் பற்றிப் பொதுவாகப் பேச விடாது. அதைவிட மோசம், காப்பீடு தீரும் நாள், அதாவது எஸ்.எஸ்.டி.ஐ-க்கான தகுதி முடியும் நாள். பொதுவாகக் கடைசி 10 வருடத்தில் 5 வருட அளவுக்குக் கிரெடிட் (சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டி வேலை செய்ததற்கான கணக்கு) இருக்க வேண்டும். 2022 கடைசி வரை விடாமல் வேலை செய்து அத்தோடு நின்றவருக்கு 2027 டிசம்பர் 31-ல் காப்பீடு தீரும். அந்த நாளுக்கு முன்பே வேலை செய்ய முடியாமல் போனது என்று நிரூபித்தாக வேண்டும். மறுபடி மறுபடி புது விண்ணப்பமாகப் போட்டுக்கொண்டே அந்த நாளைத் தாண்டிப் போனவர்கள் நிறைய.

65 நாள் ஏற்கெனவே போயிருந்தால் தாமதத்துக்கான காரணத்தை எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். கடுமையான நோய், வீட்டில் சாவு, கடிதம் வராமல் போனது ஆகியவற்றை ஏற்கிறார்கள். ஆங்கிலம் சரியாகத் தெரியாததால் கடிதம் புரியவில்லை என்பதும் விதியிலேயே உள்ள காரணம்தான்.

ஆற்றுமணல்

வக்கீல் விஷயம். இப்போதே வையுங்கள். தாமதித்து வைத்தால் பணம் மிச்சம் என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு.

இந்த வழக்குகளில் முன்பணம் கிடையாது. ஜெயித்தால்தான் கட்டணம். அதுவும் நிலுவைத் தொகையில் 25 சதவீதம் அல்லது 9,200 டாலர், இரண்டில் எது குறைவோ அது. இந்த உச்சவரம்பு 2024 நவம்பர் 30-லிருந்து, அதற்கு முன் 7,200. நிலுவை 30,000 டாலர் என்றால் கட்டணம் 7,500. நிலுவை 48,000 என்றால் கால்வாசி 12,000 வரும், ஆனால் 9,200-ல் நின்றுவிடும். எஸ்.எஸ்.ஏ-வே நிலுவையிலிருந்து பிடித்து நேராக வக்கீலுக்கு அனுப்பிவிடும். மாதாமாதம் வரப்போகும் தொகையில் கைவைக்க முடியாது. மறுபரிசீலனையில் சேரும் வக்கீலுக்கும் விசாரணைக்கு முதல் மாதம் சேரும் வக்கீலுக்கும் ஒரே வரம்புதான். வழக்கு சீக்கிரம் முடிந்தால் நிலுவை குறைவு, கட்டணமும் குறைவு.

கையெழுத்துப் போடும்போது இரண்டு தாள் இருக்கும். எஸ்எஸ்ஏ-1696 பிரதிநிதி நியமனம், இன்னொன்று கட்டண ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் இவற்றைப் படித்துவிட்டுப் போடுங்கள்:

வரம்பு எந்தக் கட்டம் வரை? பல ஒப்பந்தங்களில் "முதல் நீதிபதி விசாரணை வரை 9,200 வரம்பு, அதற்குமேல் போனால் வரம்பில்லாமல் 25 சதவீதம், எஸ்.எஸ்.ஏ அனுமதியோடு" என்று இருக்கும். தவறில்லை, ஆனால் தெரிந்து போட வேண்டும்.

செலவு தனியா? மருத்துவப் பதிவு நகல், தபால், டாக்டர் கடிதத்துக்கான கட்டணம் ஆகியவை 25 சதவீதத்துக்கு வெளியே. தோற்றாலும் இந்தச் செலவைத் தர வேண்டுமா, எத்தனை டாலரைத் தாண்டினால் முன்கூட்டிக் கேட்பார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

மனைவி, பிள்ளைகளுக்குச் சேர்ந்து வரும் நிலுவையும் அந்த 25 சதவீதக் கணக்கில் வரும். இது பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

நடுவில் வக்கீலை மாற்றுவது எளிதல்ல. முன்னவர் தன் கட்டணத்தை விட்டுத்தருவதாக எழுதித் தராவிட்டால் புதியவர் பெரும்பாலும் எடுக்கமாட்டார். ஆகவே சேருவதற்கு முன் கேள்வி கேட்டு முடித்துவிடுங்கள்.

முல்லைச்செடி

அண்ணா, ஒரு சந்தேகம். டி.வி-யில் விளம்பரம் செய்யும் பெரிய கம்பெனிகளில் வக்கீல் அல்லாதவர்கள்தான் பேசுகிறார்கள். அவர்களை வைத்துக்கொள்ளலாமா? இலவச சட்ட உதவி என்று ஒன்று இருக்கிறதே, அது கிடைக்காதா?

ஆற்றுமணல்

வக்கீல் அல்லாதவர்களும் சட்டப்படி பிரதிநிதியாக வரலாம். எஸ்.எஸ்.ஏ நடத்தும் தேர்வில் தேறி, காப்பீடு எடுத்து, பின்புலச் சோதனை முடித்தவர்களுக்கு வக்கீலைப் போலவே நிலுவையிலிருந்து நேரடியாகக் கட்டணம் போகும். அவர்களில் கெட்டிக்காரர்கள் உண்டு. ஒரே குறை, அவர்கள் ஃபெடரல் கோர்ட்டில் வாதாட முடியாது. வழக்கு அதுவரை போகும் என்றால் முதலிலிருந்தே கோர்ட் பார்க்கும் அலுவலகம் நல்லது, ஏனென்றால் கோர்ட்டில் எதை வைத்து வாதாடலாம் என்று தெரிந்தவர் விசாரணையிலேயே அதைப் பதிவில் ஏற்றிவிடுவார்.

பெரிய கம்பெனியா சின்ன அலுவலகமா என்பதைவிட, விசாரணைக்கு யார் வருவார், அவர் அத்தானோடு முதன்முதலில் எப்போது பேசுவார் என்று கேளுங்கள். "விசாரணைக்கு முந்தின நாள் போன் வரும்" என்றால் வேறு இடம் பாருங்கள். என்.ஓ.எஸ்.எஸ்.சி.ஆர் என்ற சோஷியல் செக்யூரிட்டி பிரதிநிதிகள் சங்கம் இருக்கிறது, அதன் வழியாக உங்கள் பகுதியில் இதையே தொழிலாகச் செய்பவர்களைத் தேடலாம். மாநிலத்தின் வக்கீல் உரிமத் தளத்தில் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

இலவச உதவி: லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் பணத்தில் நடக்கும் அலுவலகங்கள் ஏறக்குறைய எல்லா மாவட்டத்துக்கும் உண்டு. பொதுவாகக் குடும்ப வருமானம் ஃபெடரல் வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களை எடுப்பார்கள், எச்-1பி விசாவில் இருப்பவரை அந்தப் பணத்தில் எடுக்க முடியாது. சட்டக் கல்லூரி கிளினிக்குகளும் உண்டு. எஸ்.எஸ்.ஐ (வருமானம் மிகக் குறைந்த முதியோர், ஊனமுற்றோருக்கான தொகை) வழக்கு, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கு, வந்துகொண்டிருந்த தொகையை நிறுத்திய வழக்கு ஆகியவற்றில் தனியார் வக்கீலுக்கு வருமானம் குறைவு, அதனால் லீகல் எய்டைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

நிறுத்திய வழக்கு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "உடல்நிலை தேறிவிட்டது, பணத்தை நிறுத்துகிறோம்" என்று கடிதம் வந்தவர்களுக்கு 60 நாள் இருந்தாலும், கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் அப்பீலோடு "அதுவரை பணத்தைத் தொடருங்கள்" என்றும் கேட்டால்தான் பணம் நிற்காமல் வரும். தோற்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அதற்கும் விலக்குக் கோரலாம்.

வேலிக்காத்தான்

எல்லாம் சரி. ஆனால் வக்கீல் வைத்தால் ஜெயித்துவிடும் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. உங்கள் அத்தான் வழக்கு எங்கே நிற்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், பிறகு வக்கீலிடம் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

50 வயதிலிருந்து 54 வரை தனிப் பிரிவு. எஸ்.எஸ்.ஏ வைத்திருக்கும் அட்டவணையில் வயது, படிப்பு, பழைய வேலை, மிச்சமிருக்கும் திறன் நான்கையும் பொருத்திப் பார்ப்பார்கள். 52 வயது, பத்தாவது படிப்பு, மூட்டை தூக்கும் வேலை, வேறு வேலைக்கு எடுத்துப்போகும் தேர்ச்சி இல்லை. இவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலைக்கான திறன் மட்டுமே மிச்சம் என்று தீர்மானித்தால் அட்டவணையே "டிசபிள்டு" என்று சொல்லிவிடும். லேசான வேலைக்குத் திறன் உண்டு என்றால் அட்டவணை எதிராகப் போகும். கடிதத்தில் "லேசான வேலை செய்யலாம்" என்று இருக்கிறதல்லவா, சண்டை அந்த ஒரு வரியோடுதான்.

லேசான வேலை என்பது நாளில் சுமார் 6 மணி நேரம் நிற்பது நடப்பது, எப்போதாவது 20 பவுண்டு, அடிக்கடி 10 பவுண்டு தூக்குவது. உட்கார்ந்த வேலை என்பது சுமார் 2 மணி நேரம் நிற்பது, 6 மணி நேரம் உட்காருவது, அதிகபட்சம் 10 பவுண்டு. ஆக, "எம்.ஆர்.ஐ-யில் டிஸ்க் நழுவியிருக்கிறது" என்று நூறு பக்கம் அனுப்புவதைவிட "இவரால் 8 மணி நேரத்தில் மொத்தமாக 2 மணிக்குமேல் நிற்க முடியாது, காரணம் இது" என்று டாக்டர் எழுதும் ஒரு பக்கம் கனமானது. 55 ஆகிவிட்டால் லேசான வேலைத் திறன் இருந்தாலும் இதே பின்னணிக்கு அட்டவணை சாதகமாகத் திரும்பும்.

அடுத்து, எஸ்எஸ்ஏ-3369 வேலை வரலாற்றுப் படிவம். நம்மவர்கள் கௌரவத்துக்காக "சூப்பர்வைசர்" என்று எழுதிவிடுவார்கள். நாலு பேருக்கு வேலை சொன்னதை மேற்பார்வை என்று எழுதினால், எடுத்துப்போகக்கூடிய தேர்ச்சி உண்டு என்று அட்டவணையின் வேறு கட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். தினமும் எத்தனை பவுண்டு தூக்கினார், எத்தனை மணி நேரம் நின்றார், ஆளை வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ அதிகாரம் இருந்ததா என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். 2024 ஜூன் 22-லிருந்து கடந்த 5 வருட வேலைகளை மட்டும்தான் பார்க்கிறார்கள், முன்பு 15 வருடம்.

படிப்பையும் சரியாக எழுதுங்கள். ஊர்ப் படிப்பு ஆங்கிலத்தில் இல்லை என்றாலும் கணக்கில் வரும். பத்தாவது என்றால் குறைந்த படிப்பு, பிளஸ் டூ என்றால் ஹைஸ்கூல். "ஆங்கிலம் தெரியாது" என்பது முன்பு அட்டவணையில் தனிச் சலுகையாக இருந்தது. 2020 ஏப்ரல் 27-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் அதை நம்பி வழக்கு நடத்தச் சொல்பவர் பழைய விதியில் இருக்கிறார்.

பொருநை

வேலிக்காத்தான் சார், கடிதத்தின் அந்த வரிக்கு இவ்வளவு அர்த்தம் இருக்கும் என்று தெரியாமல் போனது. "லேசான வேலை" என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று எங்கே பார்ப்பது? அவர்கள் அனுப்பிய டாக்டர் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை என்கிறார் அத்தான்.

வேலிக்காத்தான்

கோப்பில் "டிசபிலிட்டி டிடர்மினேஷன் எக்ஸ்பிளனேஷன்" என்ற ஆவணம் இருக்கும், சுருக்கமாக டி.டி.இ. வீட்டுக்கு வரும் கடிதத்தில் இது இருக்காது. வக்கீல் சேர்ந்ததும் மின்கோப்பைத் திறந்து பார்க்க முடியும், நீங்களும் எஸ்.எஸ்.ஏ-விடம் கோப்பு நகல் கேட்கலாம். கோப்பு பகுதி பகுதியாக இருக்கும்: ஏ-யில் முடிவுகள், பி-யில் நோட்டீஸ்கள், டி-யில் வருமான விவரம், இ-யில் நீங்கள் நிரப்பிய படிவங்கள், எஃப்-ல் மருத்துவப் பதிவு. டி.டி.இ இருப்பது ஏ-யில்.

அதைப் படிக்கும் விதம் இது. முதலில் எந்தெந்த ஆஸ்பத்திரிப் பதிவு வந்தது, எது வரவில்லை என்ற பட்டியல். ஆபரேஷன் செய்த டாக்டரின் பதிவே வராமல் முடிவெடுத்திருப்பதைப் பல முறை பார்க்கலாம், கேட்டும் பதில் வராததால் அவர்கள் மேலே போயிருப்பார்கள். அடுத்து, அத்தானை ஒரு நாளும் பார்க்காத மாநில மருத்துவர் நிரப்பிய கட்டங்கள்: நிற்பது 6 மணி, தூக்குவது 20 பவுண்டு, குனிவது எப்போதாவது. பக்கத்திலேயே காரணம் இருக்கும். "நடை இயல்பு, தசை வலு 5-க்கு 5" என்று அந்தப் பத்து நிமிட டாக்டர் எழுதியதை அப்படியே எடுத்திருப்பார்கள். இப்போது அத்தானின் சொந்த டாக்டர் குறிப்பில் "இடது காலில் உணர்வு குறைவு, படுத்துக் காலைத் தூக்கும் சோதனையில் வலி" என்று இருந்தால், அந்தத் தேதியும் பக்கமும் குறித்து வக்கீல் வாதமாக எழுதுவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிராக ஒரு பக்கம். வழக்கின் முதுகெலும்பே இந்த வேலைதான்.

எஸ்.எஸ்.ஏ அனுப்பும் மருத்துவச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். போகாமல் விட்டால் அதையே காரணமாகக் காட்டி மறுப்பார்கள்.

கரிசல்

மறுபரிசீலனையும் பெரும்பாலும் மறுப்பாகத்தான் வரும், மனம் தளர வேண்டாம். அதே மாநில அலுவலகத்தில் வேறொரு குழு பார்ப்பது அது. அடுத்த 60 நாளுக்குள் எச்.ஏ-501 படிவத்தில் நீதிபதி விசாரணை கேளுங்கள். அங்கேதான் அத்தானை முதன்முதலாக ஒரு மனிதர் நேரில் கேட்கப்போகிறார்.

விசாரணைத் தேதி குறைந்தது 75 நாள் முன்னால் தெரியவரும். ஆதாரம் எல்லாம் விசாரணைக்கு 5 வேலை நாள் முன்னால் போய்ச் சேர வேண்டும். வந்து சேராத பதிவு இருந்தால், "இன்ன ஆஸ்பத்திரியிலிருந்து இன்ன தேதிகளின் பதிவு வர வேண்டியிருக்கிறது" என்று அந்த 5 நாளுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விசாரணை நாளில் கொண்டுபோய் நீட்டினால் நீதிபதி வாங்காமலே இருக்கலாம். வக்கீல் அலுவலகங்கள் கோட்டை விடும் இடமும் இதுதான், எனவே ஒரு மாதம் முன்னதாகவே அத்தான் பார்த்த எல்லா டாக்டர் பெயரையும் கடைசித் தேதியையும் எழுதி அனுப்பி, எது வந்தது எது வரவில்லை என்று கேளுங்கள். சாதகமானதை மட்டும் அனுப்பிவிட்டு மற்றதை மறைக்க முடியாது. டிசபிலிட்டி தொடர்பான எல்லா ஆதாரத்தையும் தர வேண்டும் என்பது விதி.

வீட்டு வாடகை கட்ட முடியாமல் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ், மின்சாரம் துண்டிப்பு நோட்டீஸ், மருந்து வாங்க வழியில்லை என்ற நிலை ஏதாவது வந்தால் உடனே நகலோடு கடிதம் எழுதுங்கள். அவசர வழக்காக வரிசையில் முன்னால் எடுப்பார்கள்.

நீர்மருது

விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரை எஸ்.எஸ்.ஏ இலவசமாகத் தர வேண்டும். எச்.ஏ-501-ல் மொழி கேட்கும் இடத்தில் "தமிழ்" என்று எழுதுங்கள், விசாரணை நோட்டீஸ் வந்ததும் வக்கீல் மூலம் மறுபடி உறுதி செய்யுங்கள். "ஓரளவு ஆங்கிலம் தெரியுமே" என்று விட்டுவிடாதீர்கள். கடையில் பேசும் ஆங்கிலம் வேறு, "எவ்வளவு நேரம் நிற்க முடியும், ஏன் அதற்குமேல் முடியாது, அப்புறம் என்ன ஆகிறது" என்று பிரமாணத்தில் நின்று விளக்குவது வேறு. பாதி ஆங்கிலத்தில் "ஓகே, ஓகே" என்று தலையாட்டியது எல்லாம் "செய்ய முடியும்" என்று பதிவாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர் தவறாகச் சொன்னால் அங்கேயே வக்கீலிடம் சொல்லி நிறுத்துங்கள். இலங்கைத் தமிழ், தமிழ்நாட்டுத் தமிழ் வித்தியாசத்தில் வலியை விவரிக்கும் சொல்லே மாறிப்போவதுண்டு. "விறைப்பு", "மரத்துப்போகுது", "குத்துது", "கடுக்குது" எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே "வலி" ஆகிவிட்டால் நரம்புப் பிரச்சினை பதிவிலேயே ஏறாது. இந்தச் சொற்களையும் அவற்றுக்கான ஆங்கிலத்தையும் முன்கூட்டியே வக்கீலுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நம் ஆட்கள் இன்னொன்று செய்வார்கள். நீதிபதி மரியாதையாகக் கேட்டதும் "பரவாயில்லை, சமாளிச்சுக்கறேன்" என்பார்கள். சமாளிப்பது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவுகிறார் என்றால் நடுவில் எத்தனை முறை உட்காருகிறார், கடைக்குப் போனால் பையைத் தூக்குவது யார். உண்மையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

வேலிக்காத்தான்

விசாரணையின் கடைசிக் கால்மணி நேரம்தான் வக்கீல் இருக்கிறாரா இல்லையா என்று தெரியும் இடம். தொழில் வல்லுநர் ஒருவர் போனில் இருப்பார். நீதிபதி அவரிடம், "52 வயது, குறைந்த படிப்பு, லேசான வேலை, குனிவது எப்போதாவது மட்டும். என்ன வேலை உண்டு?" என்று கேட்பார். அவர் "சாமானுக்கு விலைச்சீட்டு ஒட்டுபவர், மெயில் ரூம் குமாஸ்தா" என்று பெயரும் எண்ணிக்கையும் அடுக்குவார். வக்கீல் இல்லாதவர் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

வக்கீல் கேட்க வேண்டிய கேள்விகள் அப்போதுதான் வரும். "இவர் மொத்தம் 2 மணி நேரம்தான் நிற்க முடியும் என்றால்?" அந்த வேலைகள் போய்விடும், அட்டவணை உள்ளே வரும். "ஒரு கையில் தடி பிடித்துத்தான் நடக்க முடியும் என்றால்?" தடி வேண்டும் என்பதற்கும் எப்போதெல்லாம் வேண்டும் என்பதற்கும் மருத்துவக் குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும், கடையில் வாங்கி ஊன்றி வந்தது மட்டும் போதாது. "வலியாலும் மனச்சோர்வாலும் நாளில் 15 சதவீத நேரம் வேலையில் கவனம் இருக்காது என்றால்? மாதம் இரண்டு நாள் வரமாட்டார் என்றால்?" பெரும்பாலான வல்லுநர்கள் அப்படிப்பட்டவருக்கு வேலை இல்லை என்றே சொல்வார்கள். ஆனால் அந்த 15 சதவீதத்தையும் இரண்டு நாளையும் மனநல டாக்டர் எழுதியிருந்தால்தான் கேள்விக்குக் கால் இருக்கும்.

வல்லுநர்கள் நம்பும், வேலைகளை விவரிக்கும் அரசின் தொழில் அகராதி கடைசியாக 1991-ல் திருத்தப்பட்டது. இன்று யாரும் செய்யாத வேலைகள் அதில் இருக்கின்றன. உறையில் முகவரி எழுதுபவர், பருப்பு தரம் பிரிப்பவர் போன்ற சிலவற்றைக் கூடுதல் ஆதாரம் இல்லாமல் காட்டி மறுக்கக் கூடாது என்று 2024-ல் எஸ்.எஸ்.ஏ உத்தரவே போட்டது. இதைத் தெரிந்த வக்கீல் அங்கேயே ஆட்சேபிப்பார், அந்த ஆட்சேபம் பின்னால் கோர்ட்டில் உதவும்.

சுடரொளி

ஐ.டி-யில் வேலை செய்பவர்களுக்குக் கம்பெனி வழியாக எல்.டி.டி (நீண்டகால ஊனக் காப்பீடு) பாலிசி இருக்கிறதே. அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தாலும் இதே வழிதானா? எச்-1பி-யில் இருப்பவருக்கு எஸ்.எஸ்.டி.ஐ கிடைக்குமா?

ஆற்றுமணல்

முற்றிலும் வேறு வழி. கம்பெனி எல்.டி.டி பெரும்பாலும் எரிசா சட்டத்தின் (கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தரும் சலுகைத் திட்டங்களுக்கான ஃபெடரல் சட்டம்) கீழ் வரும். அங்கே 180 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமே அப்பீல். மறுப்பு வந்த அன்றே "முழுக் கோப்பும் பாலிசியும் வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள், இலவசமாகத் தர வேண்டும். ஆபத்து என்னவென்றால், பிறகு கோர்ட்டுக்குப் போனால் நீதிபதி பெரும்பாலும் அந்த அப்பீல் கோப்பில் உள்ளதை மட்டுமே பார்ப்பார். புது ஆதாரம் சேர்க்க முடியாது, சாட்சி விசாரணையும் கிடையாது. எனவே "பரிசீலிக்க வேண்டுகிறேன்" என்று இரண்டு வரி மெயில் அனுப்பி அப்பீலை வீணடித்தவருக்கு நல்ல வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகிறது. இதற்கு எரிசா மட்டுமே பார்க்கும் வக்கீல் வேண்டும், 180 நாளின் முதல் மாதத்திலேயே. 9,200 வரம்பு இங்கே கிடையாது.

எல்.டி.டி தருபவர்கள் எஸ்.எஸ்.டி.ஐ-க்கும் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். கிடைத்ததும் நிலுவைத் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள்.

எச்-1பி-யில் சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியிருந்தால் கிரெடிட் சேரும், சட்டப்படி இங்கே தங்கியிருக்கும்வரை எஸ்.எஸ்.டி.ஐ வாங்கலாம். மாணவர் விசாவான எஃப்-1, அதில் கிடைக்கும் ஓ.பி.டி வேலை அனுமதி ஆகியவற்றின் காலத்தில் பொதுவாக முதல் 5 வருடம் அந்த வரியே பிடிக்கமாட்டார்கள், ஆகவே கிரெடிட்டும் இல்லை. இந்தியாவோடு அமெரிக்காவுக்கு வேலைக்காலத்தைச் சேர்த்துப் பார்க்கும் ஒப்பந்தம் கிடையாது, ஊரில் வேலை பார்த்த வருடங்கள் கணக்கில் வராது. எஸ்.எஸ்.ஐ-யில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு விதி இறுக்கம். 1996 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த கிரீன் கார்டுக்காரர்களில் பெரும்பாலோருக்கு 40 கிரெடிட்டும், 5 வருடக் காத்திருப்பும் வேண்டும்.

கரிசல்

நீதிபதியும் மறுத்தால் 60 நாளில் அப்பீல்ஸ் கவுன்சில், படிவம் எச்.ஏ-520. அங்கே "எனக்கு நியாயம் வேண்டும்" என்பதற்கு மதிப்பில்லை. நீதிபதி எந்த டாக்டரின் கருத்தை ஏன் ஒதுக்கினார், சட்டப்படி விளக்கினாரா என்பதுதான் கேள்வி. 2017 மார்ச் 27-க்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களில், சொந்த டாக்டர் என்பதற்காகத் தனி எடை இல்லை. அவர் சொன்னதற்கு அவரே காட்டும் ஆதாரம், கோப்பில் மற்றவை அதோடு ஒத்துப்போவது, இரண்டையும் நீதிபதி எழுத்தில் விளக்கியாக வேண்டும். விளக்காமல் விட்டதுதான் பல வழக்குகள் திரும்ப அனுப்பப்படும் காரணம்.

அதற்கும் மேல் ஃபெடரல் மாவட்ட கோர்ட், மறுபடி 60 நாள். கோர்ட் கட்டணம் 405 டாலர், வருமானம் குறைவு என்றால் விலக்குக் கேட்கலாம். வழக்கு ஜெயித்துத் திரும்பினால் அரசிடமிருந்தே வக்கீல் கட்டணம் வாங்கும் சட்டம் ஒன்று உண்டு. வக்கீல் நிலுவையிலிருந்தும் அரசிடமிருந்தும் இரண்டு பக்கமும் வாங்கினால் சிறிய தொகையை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

பொருநை

மறுபரிசீலனைக் கோரிக்கையை ஆன்லைனில் போட்டுவிட்டோம், ஒப்புகையும் எடுத்தாயிற்று. அத்தானின் எலும்பு டாக்டர் "டிசபிலிட்டி ஃபார்ம் எல்லாம் நான் நிரப்புவதில்லை" என்கிறார். வேண்டுமானால் "வேலை செய்ய முடியாது" என்று ஒரு வரி எழுதித் தருவாராம். அதை வாங்கிக்கொள்ளலாமா?

வேலிக்காத்தான்

வாங்குங்கள், ஆனால் அதற்கு எடை இல்லை. "வேலை செய்ய முடியாது" என்று முடிவு செய்வது எஸ்.எஸ்.ஏ-வின் வேலை, அந்த வாக்கியத்தை நீதிபதி எடைபோடவே தேவையில்லை.

ஃபார்ம் நிரப்பாத டாக்டரிடம் ஃபார்ம் கேட்காதீர்கள். அடுத்த சந்திப்பில் அத்தான் தன் நிலையை எண்ணோடு சொல்லட்டும்: இத்தனை நிமிடம் நின்றால் இடது கால் மரக்கிறது, இத்தனை நேரம் உட்கார்ந்தால் எழுந்து படுக்க வேண்டியிருக்கிறது, இந்த மாத்திரை சாப்பிட்டால் இவ்வளவு நேரம் தூக்கம். அது அன்றைய குறிப்பில் ஏறிவிடும், குறிப்பு தானாகக் கோப்புக்குப் போகும். பிசியோதெரபி போகிறார் என்றால், எத்தனை பவுண்டு தூக்கினார், எத்தனை அடி நடந்தார் என்று அங்கே அளந்து எழுதியிருப்பார்கள். அந்தப் பதிவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், ஆஸ்பத்திரிப் பதிவோடு அது பெரும்பாலும் வராது. வழக்கமாகப் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனர் ஃபார்ம் நிரப்பித் தந்தாலும் செல்லும். 2017 மார்ச் 27-க்குப் பிந்தைய விண்ணப்பங்களில் அவர்களும் ஏற்கத்தக்க மருத்துவர் பட்டியலில் இருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு மருந்து தருபவரிடம் தனி ஃபார்ம், முதுகுக்குத் தனி ஃபார்ம். வெற்று ஃபார்மை வக்கீலிடமே வாங்குங்கள், நிற்கும் நேரமும் உட்காரும் நேரமும் தனித்தனிக் கட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.